புத்தகத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை

லாரி ஷெட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மேசைக்குப் பின்னால், ஆணியில் சணல் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த அந்த டூட்டிப் புத்தகங்கள் எல்லாம் பழுப்பு அட்டை போட்டவை. டிரைவருக்கு ஒன்று. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் புத்தகத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கிறேன். அதில் இருந்த நைனா கொடுத்துவைத்த மனிதர். காலையில் வேலைக்கு வருகிறார். மதியம் அரைமணி நேரம் ஓய்வு எடுக்கிறார். எட்டு மணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை லீவு. அப்படி ஒருவரை எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்ததே கிடையாது.

லாரித் தொழிலாளர்களுக்கென்று சட்டம் வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த அறுபதுகள் அவை. எட்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. சொன்னதை ரைட்டர் தட்டாமல் எழுதினார், அவ்வளவுதான். வாரம் முழுவதற்கும் ஒரே தடவை உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டு டிரைவர்களைக் கூப்பிடுவார். அவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். நிஜத்தில் நைனா துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் நாள் கணக்குப் பார்க்காமல் ஓடினார். சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவார். அம்மா தோளைத் தட்டி எழுப்பினால் தூங்கவே இல்லை என்று சாதிப்பார். அதற்கு முந்திய வருடம் வேலையில்லாமல் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர். அதனால் அம்மாவும் வாயை மூடிக்கொண்டாள்.

ராயபுரம் மாதா கோயிலில் எனக்கு முதன்முதலாக நற்கருணை தரும் புதுநன்மை கொடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நைனா கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கென்று சட்டைகூடத் தைத்து வைத்திருந்தார். முந்தின நாள் உரமூட்டைக் கப்பல் வந்துவிட்டது. மூட்டைகளை உடனே எடுக்காவிட்டால் துறைமுகத்தில் தண்டம் கட்ட வேண்டும் என்று முதலாளி எல்லா வண்டிகளையும் அனுப்பிவிட்டார். நான் வெள்ளைக் கவுனும் தலையில் பூமுடியுமாக, கையில் மெழுகுவத்தியோடு வரிசையில் போனேன். பீடம் வரைக்கும் திரும்பித் திரும்பி வாசலையே பார்த்தேன். சிஸ்டர் என் தலையைப் பிடித்து முன்பக்கம் திருப்பிவிட்டார். நற்கருணை அப்பம் நாக்கில் இருக்கும்போதே எனக்கு அழுகை வந்தது. எல்லோரும் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரத்திலேயே ஒரு நாள், பள்ளிக்கூடம் இல்லாததால், திருவொற்றியூர் ஷெட்டுக்கு நைனாவின் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே லேபர் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வேறொரு ஷெட்டு டிரைவர் தூக்கக் கலக்கத்தில் லாரியைக் கவிழ்த்துவிட்டதால் எல்லா இடத்திலும் சோதனை நடந்துகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். நான் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். நைனா என்னைப் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவுன்னு போட்டிருக்கு. என்ன பண்ணீங்க அன்னிக்கு?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ரைட்டர் நைனாவையே பார்த்தார். நைனா சொன்னார்: “எம் பொண்ணுக்குப் புதுநன்மை சார். காலீல குளிச்சிட்டு எல்லாரும் கோயிலுக்குப் போனோம். வெள்ள கவுனு, தலீல பூமுடி. நான்தான் கையப் புட்ச்சி இட்டுகினு போனேன். மெழுகுவத்திய வச்சிகினு நடக்கச் சொல்லோ பயந்துகினு, திரும்பித் திரும்பிப் பாத்துகினே போச்சு. நான் இங்கதான் கீறேன்னு கை காமிச்சேன். அப்பாலதான் நேரா நடந்துச்சு.”

நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததை அம்மாதான் அவரிடம் சொல்லித் திட்டியிருக்க வேண்டும். நான் பார்த்த அந்த வெறும் வாசலில் நைனா தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அத்தனை சந்தோஷமாக இருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் கூசியது. என் நைனா, அத்தனை பேருக்கு முன்னால், காக்கிச் சட்டையில் உர நாற்றத்தோடு நின்றுகொண்டு என் புதுநன்மையை வைத்துப் பொய் சொல்கிறார். அவர் யாரோ நான் யாரோ என்று அந்த நேரம் ஆகிவிடக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இன்றைக்கும் என்னைத் தலைகுனிய வைக்கிறது.

ரைட்டர் அதோடு விட்டிருக்கலாம். காரியம் கைகூடி வந்த மிதப்பில் என்னைப் பார்த்துவிட்டார். “அதோ, அந்தப் பொண்ணே வந்துகீது சார். வேணும்னா கேட்டுப் பாருங்க” என்றார்.

நைனா திரும்பினார். முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் குனிந்து, “அப்பா கோயிலுக்கு வந்தாரா பாப்பா?” என்று கேட்டார். வரவில்லை என்றால் நைனாவுக்கு வேலை போய்விடும், மறுபடியும் வீட்டில் உட்கார்ந்துவிடுவார் என்பது எனக்குப் புரிந்தது. நன்மை வாங்கிய நாக்கால் பொய் சொல்லக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது.

“வந்தாரு” என்றேன். அது போதாதோ என்று பயந்து, “கை காமிச்சாரு” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த டிரைவரைக் கூப்பிட்டார். நைனா என்னிடமிருந்து கேரியரை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை. “நீ ஏன் பாப்பா சொன்னே” என்று மட்டும் கேட்டார். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அந்த வாரம் முழுக்க நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது என் தங்கை மகன் அதே சாலையில் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறான். அவன் கம்பெனி வண்டியில் ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறார்கள். ஓட்டின நேரத்தை அதுவே எழுதிக்கொள்ளுமாம், ஓய்வு நேரம் வந்தால் கத்துமாம். யாரும் கை வைக்க முடியாது என்று பெருமையாகச் சொன்னான். அடுத்த மூச்சிலேயே, “அவசரம்னா வேற டிரைவர் நம்பரைப் போட்டு ஓட்டிக்கினு போய்டுவோம் பெரிம்மா” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வேறு டிரைவருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை இருக்குமே என்றுதான் தோன்றியது.

அன்றைக்கு, இன்ஸ்பெக்டர் வந்த அந்த வாரத்தின் சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோயிலுக்குப் போனேன். பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் சொல்ல வேண்டும். என்ன பொய் என்று அவர் கேட்டால் நைனாவையும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் பயந்தேன். கோயில் வாசலில் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. உள்ளே, சாமியார் உட்கார்ந்திருந்த பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன்னால் முட்டி போட்டிருந்தவர் நைனா. அம்மா வருடக்கணக்காகக் கெஞ்சியும் அந்தப் பக்கம் போகாதவர். அங்கேயும் எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். அழுக்குக் காக்கியில் அவரை என்னோடு படிக்கும் பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாதே என்று, யாராவது இருக்கிறார்களா எனச் சுற்றிலும் தேடினேன்.

எழுந்து வந்தவர், வரிசையில் போய் நின்றிருந்த என்னைப் பார்த்ததும் நின்றார். என் தலைமேல் கை வைக்கப் போய், கை அழுக்காக இருந்ததால் எடுத்துக்கொண்டார்.

“உன்னுதையும் சேத்து நானே சொல்லிட்டேன் பாப்பா. நீ வூட்டுக்குப் போ” என்றார்.

ஒருவர் பாவத்தை இன்னொருவர் சொல்லித் தீர்க்க முடியாது என்று ஞானோபதேச வகுப்பில் எங்களுக்கு நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. வரிசையை விட்டு விலகி வீட்டுக்குப் போனேன்.