விரல் சூட்டுக்கு ஏறிய முள்

பிள்ளைகளா, அலமாரியில் இருக்கிற பழைய ரேடியோவை ஏன் தூக்கிப் போடவில்லை என்று கேட்கிறீர்களே, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை அது.

அப்போது எனக்குக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் சிக்னல் பிரிவில் வேலை. கல்யாணமாகிப் புதிதாக வந்த உங்கள் அம்மாவுக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த டிரான்சிஸ்டர் ரேடியோதான் அவளுக்குத் துணை. சிற்றலையில் மத்தியானம் தமிழ் வரும்.

சித்திரை பிறந்ததும் சொல்ல ஆரம்பித்தாள். "மத்தியானமானா கரகரங்குது. அப்புறம் நின்னே போயிடுது."

நான் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்து போட்டால் நன்றாகவே பாடும். "நீ ஸ்டேஷன் முள்ளைச் சரியா வைக்கல" என்பேன். ஓய்வு நாளில் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். அன்றைக்கென்று காலையிலேயே புயல்மழை. ஊரே குளிர்ந்து கிடந்தது. ரேடியோ ஒரு குறையும் இல்லாமல் பாடியது.

"பாத்தியா?" என்றேன்.

மறுவாரம் அவள் சொன்னாள்: "என்னை ஊருக்கு அனுப்பிடுங்க. அதுவும் பேச மாட்டேங்குது, நீங்களும் நம்ப மாட்டேங்கறீங்க."

ரேடியோவில் கோளாறே இல்லை என்று ரிப்பேர் கடைக்காரர் வாயால் சொல்ல வைக்கலாம் என்றுதான் கல்கத்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றினார். "உள்ள இருக்கிற டிரான்சிஸ்டர் எல்லாம் ஜெர்மேனியம். இப்ப எல்லாம் சிலிக்கன்தான் தாதா. இதுக்கு ஜோடி கிடைக்கிறது கஷ்டம்." தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்.

"அப்ப சிலிக்கனையே போடுங்க."

"உங்க செருப்பை உங்க பெண்டாட்டி போட்டுக்கிட்டு நடப்பாங்களா? சுத்தி இருக்கிறது எல்லாத்தையும் மாத்தணும்."

பட்டாணி அளவில் ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றி மீட்டரில் இணைத்தார். முள் லேசாக அசைந்து நின்றது. பிறகு அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். முள் மேலே மேலே ஏறிற்று.

"விரல் சூட்டுக்கே மின்சாரம் கசியுது. ரயில்வே குவார்ட்டர்ஸ்னு சொன்னீங்க, அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ, மத்தியானத்துல என்ன ஆகும்? வீட்டுல யார் கேக்கறது?"

"மனைவி."

"அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஜோடி இருக்கா பாருங்க" என்றேன்.

டிராயரில் கிடந்த ஜெர்மேனியத்தை எல்லாம் ஒவ்வொன்றாக விரலால் பிடித்துப் பார்த்தார். புதிதிலேயே பாதி கசிந்தது. சிலதில் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டு வேறு எண் அடித்திருந்தார்கள். போலி என்று நகத்தால் தேய்த்துக் காட்டிவிட்டு ஒதுக்கினார். கடைசியில் ஒரே மாதிரி இரண்டு தேறின. கால்களைக் குறடால் பிடித்து, சூடு மேலே போகாமல் பற்றவைத்தார்.

வீட்டுக்கு வந்து, "நீ சொன்னது சரிதான்" என்றேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும்."

"டிக்கெட் எடுக்கவா?"

"நாளைக்கு மத்தியானம் தமிழ் வருதா பாக்கலாம்."

மறுநாள் மத்தியானம் நான் யார்டில் இருந்தேன். மற்றவர்கள் சாப்பிடப் போனதும், கடைக்காரரிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்த பழைய டிரான்சிஸ்டரை எங்கள் மீட்டரில் இணைத்து, இரண்டு விரலால் பிடித்தேன். முள் ஏறியது. விட்டேன். மெல்ல இறங்கியது. இன்னொரு தரமும் பிடித்துப் பார்த்தேன். பிறகு மீட்டர் கம்பிகளைச் சுருட்டி வைத்துவிட்டு, அதைக் காலித் தீப்பெட்டியில் போட்டு மூடினேன். அன்றைக்கு மத்தியானம் தமிழ் தெளிவாக வந்ததாம்; டிக்கெட் எடுக்கவே இல்லை.