வன்னி முழுவதற்கும் ஒரேயொரு டவுன்லோட்

"வன்னி முழுக்க ஒரு டவுன்லோட். ஒண்டு! நீர் கிளிநொச்சியில இருந்து என்ன செய்யிறீர்?"

கொழும்பிலிருந்து பணிப்பாளர் போனில் கத்தினார். அடுத்த வெளியீட்டுக்கும் இதே நிலை என்றால் கிளிநொச்சி அலுவலகத்தை மூடிவிட்டு என்னைக் கொழும்புக்கு எடுப்பதாகச் சொன்னார். அப்போதுதான் இங்கே வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தோம். கொழும்பு என்றாலே என் மனைவி பெட்டியை அல்ல, என்னைத்தான் வெளியே வைப்பார்.

எங்கள் மென்பொருள் மழைத் தரவையும் குளத்து நீர்மட்டத்தையும் வைத்து, அந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கணிக்கும். வன்னியிலுள்ள விவசாய அலுவலகங்களுக்குப் போன் எடுத்தால், "ஓம் தம்பி, பாவிக்கிறம், நல்லாயிருக்கு" என்பார்கள். மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார்கள் என நினைத்தேன். சைஸ் கிட்டத்தட்ட ஒரு ஜீபி. குற்றவாளி அதுதான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வெட்டு

மென்பொருள் பொதியை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரே நிரல் லைப்ரரி மூன்று இடத்தில் கிடந்தது. சோதனைக்கு வைத்த செய்மதிப் படங்கள் அப்படியே இருந்தன. கையேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் யாரோ போட்டோ எடுத்து பி.டி.எஃப் ஆக்கியிருந்தார்கள். இவற்றுக்கு நடுவே, மங்கள விளக்கேற்றலில் தொடங்கும் பணிப்பாளரின் அறிமுக உரை, முழு வீடியோவாக!

மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். வீடியோவை மட்டும் வெட்டவில்லை. 'விரும்பியோர் தனியாகப் பெறலாம்' என்று மரியாதையாக வெளியே எடுத்து வைத்தேன்.

வெட்டிய வேகத்தில் கரையோர எல்லைக் கோப்பும் போய்விட்டது. அன்று மென்பொருள் முல்லைத்தீவுக் கடலில் நெல் விதைக்கச் சொன்னது. அதுவும் நல்ல விளைச்சலாம். நல்ல காலம், வெளியிடுமுன் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டேன்.

சைஸ் எண்பது எம்.பி.க்கு வந்தது. பெருமை பிடிபடவில்லை. வெளியிட்டு ஒரு வாரம் கழித்து சேர்வர் பதிவைத் திறந்தேன்.

ஒன்று.

அந்த ஒருவர்

டவுன்லோட் செய்தது வவுனியாவிலுள்ள ஓர் அலுவலகம். பஸ் ஏறிப் போனேன். அங்கே தொழில்நுட்ப அலுவலர் சிவபாக்கியம் அக்காவின் மேசையில் பென் ட்ரைவ்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் பொலித்தீனில் சுற்றி, பெயர் ஒட்டியிருந்தது: தண்ணீரூற்று, செட்டிகுளம், முல்லைத்தீவு.

"இதென்ன அக்கா?"

"உங்கட சாமான்தான் தம்பி. நான் ஒருக்கா எடுத்து, பஸ்ஸில மற்றப் பதினேழு விவசாயக் கந்தோருக்கும் குடுத்து விடுறனான்."

"அவையே டவுன்லோட் செய்யலாமே?"

"எல்லாரும் போய் இழுத்தா உங்கட மெஷின் பாவமெல்லே? இலவசமாத் தாறியள். அதுக்குள்ள நாங்கள் கரைச்சலும் குடுக்கிறதே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கொழும்புக் கதையைச் சொன்னேன்.

"அட கோதாரி! முதலே சொல்லுறதுக்கென்ன?" என்று அக்கா போனைத் தூக்கினா. "தண்ணீரூற்றோ? உடன டவுன்லோட் செய்யுங்கோ. தம்பியின்ர வேலை போகப்போகுது!" இதே வசனத்தைப் பதினேழு தடவை சொன்னா.

மத்தியானத்துக்குள் பதினெட்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தும் சேர்வர் விழவில்லை. பழைய சைஸ் என்றால் விழுந்து படுத்திருக்கும். பின்னேரம் பணிப்பாளர் போன் எடுத்தார்.

"பாத்தீரே? சைஸைக் குறைச்சா எடுப்பினம் எண்டு நான் அப்பவே சொன்னனான். நீர் அங்கேயே இரும்."

அவர் அப்படி எப்போதுமே சொன்னதில்லை. "ஓம் சேர்" என்றேன்.

இளையவர்களுக்குச் சொல்வது இதுதான்: கோப்பை வெட்டுமுன் பஸ் ஏறுங்கள். மென்பொருள் எந்த வழியால் போகிறது என்று பாவிப்பவர்களிடமே கேளுங்கள். சேர்வர் பதிவுக்கு மனிதர்களைத் தெரியாது.

அடுத்த வெளியீட்டைப் பதினெட்டு அலுவலகங்களும் தாங்களாகவே எடுத்தன. இரண்டு நாள் கழித்து ஒரு பஸ் கொண்டக்டர் போன் எடுத்தார்: "ஐயா, வவுனியாவில இருந்து பார்சல்." பிரித்தால் பென் ட்ரைவ், கூடவே ஒரு துண்டு: 'தம்பி, புது வேர்ஷன் வந்திருக்கு. நீங்கள் எடுத்தியளோ தெரியேல்லை, அதான் அனுப்புறன்.'

என் மென்பொருள், எனக்கே. உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"கிடைச்சுது அக்கா. நல்ல நேரத்தில அனுப்பினியள்."