எதிராளியின் பக்கம்

எங்கள் பள்ளியில் மொழிப்பாடம் எடுக்கும் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘வாஸ்தவம் டீச்சர்’. எதைச் சொன்னாலும் முதலில் “வாஸ்தவம்தான்” என்பார், பிறகுதான் மறுப்பார். காய்கறிக் கடையில் பேரம் பேசப் போனால், கடைக்காரரின் கஷ்டத்தை அவரைவிட உருக்கமாகச் சொல்லிவிட்டு, கேட்ட விலையையே கொடுத்துவிட்டு வருவார். வீட்டில் கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எட்டாம் வகுப்புக்கு அவர் கற்றுக்கொடுப்பது, எழுதியே ஒருவரை இணங்க வைக்கும் வித்தை. சுவரில் ஒட்டிய அட்டையில் ‘எனினும்’, ‘ஆகையால்’, ‘மறுப்பதற்கில்லை’ என்று சொற்கள் இருக்கும். ‘கட்டாயம் வேண்டும்’ என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். “அது அடம் கண்ணு. காரணம் எங்க?” என்பார். எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். எதிராளியின் பக்கத்தை முதலில் எழுத வேண்டும். அதுவும், படித்தால் எதிராளியே அசந்துபோகும்படி.

இந்த வருஷம் அந்த வகுப்புக்கே ஆபத்து வந்தது. அதைக் கணக்குக்குக் கொடுக்கலாமா என்று தலைமையாசிரியர் யோசித்தார். கணக்கு வாத்தியார் நான்தான். நானாக ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? டீச்சர்தான் யாரோடும் சரியாகப் பேசாமல் நடமாடினார். வருஷக்கணக்காக அவர் ஆசையாக வளர்த்த வகுப்பு அது.

பிள்ளைகள் விடுவார்களா? டீச்சருக்குத் தெரியாமல் கூடி உட்கார்ந்து, வகுப்பை மாற்ற வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார்கள். கற்றபடியே கணக்கின் பக்கத்தை முதலில் எழுதினார்கள். போன பரீட்சையில் எப்படிக் கோட்டைவிட்டார்கள், பின்னத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள், வீட்டில் சொல்லித்தர யாருக்கெல்லாம் ஆள் இல்லை என்று அத்தனையும். தங்கள் பக்கத்துக்கு வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. அடியில் மூன்றே வரி.

தலைமையாசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுத் தாளை நீட்டினார்.

“கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சு டீச்சர். இதைப் படிச்சதும் தீந்துபோச்சு. வகுப்பு கணக்குக்கே.”

டீச்சர் படித்தார். கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. “வாஸ்தவம்தான் சார். நானா இருந்தாலும் கணக்குக்குத்தான் கொடுப்பேன்.”

எனக்குப் பாவமாக இருந்தது. என் பாடத்துக்காக நானே இவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கணக்கு முடிந்து மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை. ‘வக்கீல்’ என்று நாங்கள் கூப்பிடும் வாயாடிப் பெண் மட்டும் ஓடிப்போய் டீச்சரை அழைத்து வந்தாள்.

“டீச்சர், ஸ்கூல் விட்டதும் அரை மணி நேரம் நாங்க இருக்கோம். நீங்க வந்து சொல்லிக் கொடுப்பீங்களா?” டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “காலைல இருந்து நின்னு உங்களுக்குக் கால் வலிக்கும். வீட்டுல சார் காத்துக்கிட்டு இருப்பாரு. இதுக்குத் தனியா சம்பளமும் கிடையாது. எங்களாலதான் வகுப்பு போச்சுன்னு வருத்தமும் இருக்கும். ஒத்துக்கறோம் டீச்சர்.”

“சரி. உங்க பக்கம்?”

வக்கீல் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதை யோசிக்கல டீச்சர்.”

டீச்சர் கைப்பையை மேசையில் வைத்தார்.

“உங்க மேல தப்பில்ல. அதை நான் சொல்லியே கொடுக்கல. உக்காருங்க.”

நான் என் கணக்குகளை அழித்துப் பலகையைக் காலி செய்து கொடுத்தேன்.