செல்வியின் அப்பாவும் என் அப்பாவும்

ஆம்பூர்ல ஷூ கம்பெனியில தையல் லைன் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவ நான். பெருமையாச் சொல்ல நிறைய இருக்கு. இது அதுல சேராது.

என் லைன்ல செல்வின்னு ஒரு டைலர். குழந்தை பொறந்து ஆறாம் மாசமே வேலைக்கு வந்துட்டா. தினம் மத்தியானம் அவங்கப்பா குழந்தையத் தூக்கிட்டு கேட்டுக்கு வருவார். செக்யூரிட்டி ரூம்ல ஒக்காந்து அவ பால் குடுப்பா. அவளுக்குச் சுடச்சுட சோறு வேற கொண்டாருவார் மனுஷன்.

எங்கப்பாவும் இதே ஊர்லதான், எங்கண்ணன் வீட்ல. அண்ணன் புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிப் போறதும் கூட்டியாறதும் அவர்தான். என் பொண்ணு மட்டும் பக்கத்து வீட்ல கெடந்தா. அந்தம்மா ஆறு மணிக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க. செல்வி அப்பாவப் பாக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஷிப்மென்ட் நெருக்கடி. எல்லார் முன்னாடியும் மேனேஜர் கேட்டார். “இன்னாம்மா சாந்தி, செல்வி எட்டு மணி வரைக்கும் ஓவர்டைம் பாக்குறா. சூப்பர்வைசர் நீ அஞ்சரைக்கே ஓடுற. லைன அவகிட்டயே குடுத்துடட்டா?”

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. நேரா செக்யூரிட்டிகிட்ட போய், “வெளியாள இன்னா தைரியத்துல உள்ள வுடறீங்க?”ன்னு கத்திட்டேன்.

மறுநாள் செல்வி அப்பாவ உள்ள வுடல. மொட்ட வெயில்ல, துண்ட குழந்தை தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னார். குழந்தை வீறிட்டு அழுவுது. பாவம்னு தோணல எனக்கு. எனக்காக இப்படி யார் நிப்பாங்கன்னுதான் தோணுச்சு. அப்புறம்தான் அசிங்கமாப் போச்சு. நானே கேட்டத் தொறந்து உள்ள கூப்ட்டேன்.

செல்விகிட்ட, “நான்தான் தடுத்தேன்”னு சொன்னேன்.

“தெரியும்க்கா. உங்க பொண்ணப் பாத்துக்கச் சொல்லி உங்கப்பாவ நீங்க கேட்டீங்களா?”ன்னா.

கேக்கல. அவருக்கே தெரிய வேணாமான்னு நெனச்சே அஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். அன்னிக்கு சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசல்ல நின்னு, “எம் பொண்ணு உனக்குப் பேத்தி இல்லியாப்பா?”ன்னு அழுதேன்.

அப்பா ஆடிப்போய்ட்டார். “கட்டிக் குடுத்த வூட்ல கூப்டாம எப்டிம்மா வந்து ஒக்காருவேன்? ஒரு நாளாவது வான்னியா?”

திங்கக்கிழமையிலிருந்து வந்தார். நானும் எட்டு மணி வரைக்கும் ஓவர்டைம் பாத்தேன். லைன் என்கிட்டயே இருந்துச்சு.

வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஒண்ணுதான் சொல்வேன். மேனேஜர்கிட்ட லீவு கேக்குறீங்க இல்ல? பெத்தவங்ககிட்டயும் அதே மாதிரி வாயத் தொறந்து கேளுங்க. அண்ணன் புள்ளைங்கள ஸ்கூல்லேர்ந்து கூட்டியார ஆளில்லாமப் போச்சுன்னு அண்ணி என்கிட்ட ஒரு வருஷம் பேசல. அவங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியாதா இன்னா?