கோணலக்கா

அக்கா நாக்கில் விரலை ஒற்றி ஈரமாக்கிக்கொள்கிறார். திறந்து கிடக்கும் பழைய கீபோர்டின் பச்சைப் பலகையில் ஒரு புள்ளியைத் தொட்டுக்கொண்டு, இன்னொரு விரலால் வேறொரு புள்ளியைத் துழாவுகிறார். அதுவரை சமர்த்தாக ஒலித்த புல்லாங்குழல், தொண்டை கட்டிய வாத்தைப் போல் கத்துகிறது. "ம்ஹூம். இது போன மாசமே வந்த சத்தம்." விரலைத் துணியில் துடைத்துவிட்டு மறுபடியும் நாக்கு.

எந்தச் சத்தத்தைப் பதிந்து கொடுத்தாலும் அதையே சுரங்களாக வாசிக்க வைக்கும் அந்தக் காலத்து சாம்ப்ளிங் கீபோர்டுகள், இந்த இரண்டாம் மாடி அறைக்கு நல்ல புத்தியோடு வந்து கோணல் புத்தியோடு திரும்புகின்றன. சேரக்கூடாத இரண்டு இடங்களைச் சேர்த்துவிட்டால் பெட்டி தடுமாறும். அந்தத் தடுமாற்றம் கேட்கும்படியாக இருந்தால் ஒயர் பற்றவைத்து, மேல்மூடியில் துளை போட்டு, ஒரு சுவிட்ச். அந்தச் சத்தத்துக்கு அவர் வைத்த பெயர் 'கோணல்'. தெருவில் கோணலக்கா என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள்.

"பசங்க இதுக்கு சர்க்யூட் பெண்டிங்னு, வளைக்கிறதுன்னு பேரு வெச்சிருக்காங்க. பொருத்தமான பேருதான். குனிஞ்சு குனிஞ்சு எனக்குப் பெண்டு நிமிருது."

ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி. கழுத்தில் வலிக்கு ஒரு பட்டை. மேசையில் இரண்டு நகப்பூச்சுக் குப்பிகள்: பச்சை வைத்த புள்ளியைத் தொடலாம், சிவப்பு வைத்த புள்ளி சிப்பைக் கொன்றுவிடும். அவர் நகத்தில் பூச்சு இருந்து யாரும் பார்த்ததில்லை. பேட்டரியில் மட்டும்தான் வேலை. வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: "சுவத்துக் கரண்டுல சொருகிட்டுத் தொட்டுடாத. பொட்டியோட சேர்ந்து நீயும் கோணலாயிடுவ."

முடித்த பெட்டியின் மைக்கில் "ஆச்சா?" என்று ஒரு சொல் பதிவார். எப்போதும் அதே சொல். பிறகு சாவிகளை அழுத்த, அவர் குரலே மேலும் கீழும் ஏறி இறங்கி "ஆச்சா? ஆச்சா?" என்று நச்சரிக்கும். சமையலறையிலிருந்து அவர் கணவர், "இன்னும் கொதிக்கலம்மா, பறக்காத!" என்பார். இடது ஓரத்துத் தாழ்ந்த சுரங்களுக்கு இறங்கினால் குரல் ஆண்குரலாகத் தடித்துவிடும். "யாரு வந்திருக்கா? அவருக்கும் சேர்த்து டீ போடவா?" இத்தனை வருஷமாக ஏமாறுகிறார். அக்காவும் திருத்துவதை விட்டுவிட்டார். "நான் கேட்டாலும் இதே பதில்தான். பொட்டியே கேட்டுக்கட்டும்."

அலுப்பு அவரிடம் அழுக்கைப் போல ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாருக்கும் படத்துக்குப் பேய்ச்சத்தம் வேண்டும். பேய் அழ வேண்டும், பேய் மூச்சு விட வேண்டும், போன தடவை வாங்கிப்போன பேயைவிடப் புதிய பேயாக வேண்டும். "சத்தமே வராத சத்தம் ஒண்ணு மாட்டுச்சுன்னா யாருக்கும் தரமாட்டேன். நானே வெச்சுக்குவேன்."

கணவர் மேடைக்குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். பெரிய கீபோர்டுக்கு மேல் இப்படிப்பட்ட சின்னப்பெட்டி ஒன்றை வைத்திருப்பார். முன்வரிசையில் யாராவது இருமினால் அதைச் சட்டென்று பதிந்து, அந்த இருமலிலேயே மெட்டு வாசிப்பார். இருமியவர் உட்பட அரங்கமே சிரித்து உருளும். பிறகு வலது கையில் நடுக்கம் வந்தது. அன்று பீரோ மேல் ஏறிய பெட்டி, தலையணை உறைக்குள் அப்படியே இருக்கிறது. அக்கா எத்தனையோ பெட்டிகளை அறுத்திருக்கிறார். அதில் மட்டும் கை வைத்ததில்லை. "அதைத் திறந்தா, இவரு இனிமே வாசிக்கமாட்டாருன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி."

வந்த வினை, படங்களுக்குச் சத்தம் அமைக்கும் ஒருவர். அக்கா அவருக்கு வைத்த பெயர் பேய்த்தம்பி. அவருடைய பெட்டியில் சிப் செத்துவிட்டது. அந்த வகைப் பெட்டி வெளியே எங்கும் கிடைக்கவில்லை. போன வாரம் வந்தபோது பீரோ மேல் பார்த்துவிட்டார். காலையிலிருந்து தொலைபேசி ஓயவில்லை.

"அக்கா, சும்மாதானே கிடக்கு?"

"எங்க வீட்ல நிறையப் பேரு சும்மாதான் கிடக்கோம் தம்பி. எல்லாரையும் கொடுத்துடவா?"

அடுத்த மணி அடிப்பதற்குள் கணவர் நாற்காலி போட்டு ஏறிப் பெட்டியை இறக்கிவிட்டார். உறையை உருவி மேசையில் வைத்தார்.

"கொடுத்துத் தொலை. மூடி வெச்சா மட்டும் நான் வாசிச்சுடப்போறேனா?"

 கணவரே திருப்புளியையும் எடுத்தார். அது திருகின் தலையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி மூடியைக் கீறியது.

"கீறாதீங்க. கொடுங்க இப்படி."

அக்கா திருகுகளைக் கழற்றி, மூடியைப் புத்தகம் போல் விரித்து, பேட்டரி போட்டார். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் கோணல் பிடித்தே கொடுப்போம் என்று தோன்றியதோ என்னவோ, இரண்டு கைகளும் பலகைக்குப் போய்விட்டன. சாவியை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை.

"ஏங்க, ஒரு சுரத்தைப் புடிங்க."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

பிடித்தார். விரல் நடுங்க, சாவி ஏறி இறங்கி, சுரம் விட்டு விட்டு ஒலித்தது. அதற்குள் அக்காவின் ஈரவிரல் எதையோ தொட, மழையில் நனைந்தவர் பல் தந்தியடிக்கச் சிரிப்பதைப் போல ஒரு சத்தம் வந்தது. அவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"பார்த்தியா? இதுக்குத்தான் சொன்னேன்."

"யாரு எடுக்கச் சொன்னா? வைங்க."

வைத்தார். சிரிப்பு திரும்பி வந்தது. அக்கா விரலைச் சற்று நகர்த்த, அது தாழ்ந்து முனகலானது. யாரும் சொல்லாமலே அவர் பக்கத்துச் சாவிக்குப் போனார். பிறகு அதற்கடுத்ததற்கு.

தொலைபேசி அடித்தது. அக்கா ஒரு கையால் அதை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டார். கழுத்துப்பட்டை தடுத்ததில் முகம் சுளித்தது.

"இல்ல தம்பி, அது காலியில்ல. ஆள் வாசிச்சிட்டு இருக்காரு."

நின்றுகொண்டே வாசிப்பவருக்கு இடம் விட்டு, பலகையிலிருந்து விரலை எடுக்காமலேயே பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.