துப்பாக்கியோடு சாப்பிடப் போன சனிக்கிழமை

அன்றைக்கு மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, அக்கா, அக்காவின் வீட்டுக்காரர். இல்லாதவர்கள் இரண்டு பேர்: பணம் கட்டிய நானும், யாருக்காகக் கட்டினேனோ அந்த அப்பாவும்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த ஹோட்டல் அது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, போதும் என்று நாம் சொல்லும்வரை மேசைக்கே கொண்டுவந்து பரிமாறுவார்கள். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வந்ததும் ஐந்து பேருக்கு முன்கூட்டியே பணம் கட்டி இடம் பிடித்தேன். எனக்கு இருந்தது ஒரே ஆசை. அப்பா உட்கார்ந்து சாப்பிட வேண்டும், யாராவது அவருக்குப் பரிமாற வேண்டும், நான் எதிரில் இருந்து பார்க்க வேண்டும். பதினான்கு வருடமாக அவர் ஒரு நகைக்கடை வாசலில் நிற்கிறார். கல்யாணம் காட்சி என்றால் பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குத்தான் வந்து சேருவார். அக்கா கல்யாணத்தில்கூட அப்படித்தான்.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காவலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் இரண்டு சம்பளம் உண்டு. சொந்தமாக உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தால் கன்மேன்; வெறும் கையோடு போனால் வாட்ச்மேன். கன்மேன் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்பா முதலில் வாட்ச்மேனாகத்தான் இருந்தார். பிறகு இரண்டு வருடம் அலைந்து உரிமம் வாங்கி, அம்மாவின் சங்கிலியை விற்று, ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை வாங்கினார். எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்ட வைத்தது அந்தத் துப்பாக்கிதான். இதுவரை அது ஒரு முறைகூட யாரையும் குறிபார்த்ததில்லை.

துப்பாக்கி அவருடைய சொந்தப் பொருள் என்பதால் கடையில் விட்டுவிட்டு வர முடியாது. காலையில் தோளில் மாட்டிக்கொண்டு போவார், சாயங்காலம் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். பஸ்ஸில் கண்டக்டருக்குப் பழக்கம். டீக்கடையில் பெஞ்சு ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிப்பார். ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வீட்டில் அது குடை மாதிரி. அதனால்தான் அந்தத் தப்பு நடந்தது. கடையில் அன்றைக்கு அரை நாள். ஒரு மணிக்கு முடிந்ததும் நேராக ஹோட்டலுக்கு வரச் சொல்லியிருந்தேன். காக்கிச் சட்டையோடு உட்கார வேண்டாம் என்று அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் பையில் எடுத்து வந்திருந்தாள். சட்டையை நினைத்த நாங்கள் ஒருவரும் துப்பாக்கியை நினைக்கவில்லை.

அப்பா ஒன்றரை மணிக்கு வந்தார். தோளில் துப்பாக்கி, இடுப்பில் தோட்டா பெல்ட். கதவருகே நின்ற காவலாளிக்கு என் வயதுதான் இருக்கும். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணே, டூட்டிக்கா வந்திருக்கீங்க?"

"இல்லப்பா, சாப்பிட. பையன் சம்பளம் வாங்கியிருக்கான்."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது, பிறகு சங்கடப்பட்டது. கதவுக் கண்ணாடியைக் கையால் காட்டினான். வெளி உணவு கூடாது, செல்லப் பிராணிகள் கூடாது என்ற படங்களுக்குக் கீழே ஒரு வட்டம், அதற்குள் ஒரு துப்பாக்கி, மேலே குறுக்குக் கோடு. "கோவிச்சுக்காதீங்கண்ணே. இத்தோட உள்ள வுட்டா என்னை வெளிய அனுப்பிடுவாங்க."

அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான், அவர் முகத்தில் வேறெதுவும் இல்லை. உள்ளிருந்து பார்த்த நான்தான் எழுந்து ஓடினேன்.

மேனேஜர் வந்தார். மரியாதையான ஆள். ஆங்கிலத்தில், தங்கள் விருந்தினர்கள் ஆயுதம் கொண்டுவராமல் இருப்பதையே தாங்கள் விரும்புவதாகச் சொன்னார். உரிமம் இருக்கிறது என்றேன், அப்பாவின் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். உரிமத்தைத் தான் சந்தேகப்படவில்லை என்றார். பின்னால் ஒரு மேசையில் பலூன் கட்டி, ஏழெட்டுக் குழந்தைகள் பிறந்தநாள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தன. வேண்டுமானால் தன் அறையில் வைத்துப் பூட்டுகிறேன் என்றார். அதை நான் தமிழில் சொன்னதும் அப்பா துப்பாக்கியின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அது ஆகாது. என் பேருல இருக்கு. வேற ஆளு கையில குடுத்தா குத்தம்."

அதற்குள் அக்காவின் வீட்டுக்காரர் கவுண்டரில் இருந்த சோம்பை மென்றபடி வெளியே வந்து அப்பாவிடம் சொன்னார். "மாமா, நான் புடிச்சிட்டு வெளிய நிக்கறேன். நீங்க போயி சாப்பிட்டு வாங்க."

"நீ புடிச்சா ரெண்டு பேரும் உள்ள போவோம். ஓட்டலுக்குள்ள இல்ல மாப்ள, ஜெயிலுக்குள்ள."

காவலாளி சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் சிரித்தது அப்பாவின் நகைச்சுவைக்கு. எனக்கோ அப்பாவைப் பார்த்துச் சிரித்த மாதிரி பட்டது. படித்தவன் என்ற நினைப்பும், ஒரு மாதமாக ஆபீசில் ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் சேர்ந்திருந்த பயமும் ஒன்றாகக் கிளம்பின. சட்டம், உரிமை, பணம் கட்டிய வாடிக்கையாளர் என்று குரலை உயர்த்தினேன். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், பசங்க பயப்படுது" என்றான் காவலாளி. அவன் பக்கம் திரும்பி நான் சொன்னேன்:

"நீ பேசாத. ஒரு வாட்ச்மேன் எனக்குச் சட்டம் சொல்லித்தர வேணாம்."

தமிழில்தான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேனேஜரைப் பார்த்துக் கன்னடத்தில், "பேஜார் மாட்கோபேடி சார், நாவு ஹோக்தீவி" என்றார். வருத்தப்பட வேண்டாம், நாங்கள் போகிறோம் என்று அர்த்தம். எங்கள் பின்னாலேயே வந்து நின்ற அம்மாவிடம் திரும்பி, "நீங்க சாப்பிடுங்க, காசு கட்டியாச்சில்ல, நான் வூட்ல வெச்சிட்டு வரேன்" என்றார். மூன்றரை மணிவரை பரிமாறுவார்கள். போய்த் திரும்ப நேரம் இருந்தது. அம்மாவிடமிருந்து சட்டைப் பையை வாங்கிக்கொண்டு நானும் கூடவே ஆட்டோவில் ஏறினேன், எப்படியும் திருப்பிக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தபடியே வந்தார். "என்னா சாப், எலக்‌ஷன் வந்துட்ச்சா? டேஷன்ல வெக்கப் போறீங்களா?" தேர்தல் என்றால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும்.

"இல்ல பாய். சாப்பிடப் போனோம்."

"சாப்பிடவா? பிரியாணி பத்தலன்னா ஒண்ணு போடலாம்னா?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் பீரோவுக்குள் துப்பாக்கியை வைத்துப் பூட்டினார். தோட்டாக்களைத் தனியாக வைத்தார். மணி இரண்டேகால். நான் வெள்ளைச் சட்டையை நீட்டினேன். அவர் பனியனோடு சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார்.

"காலையில செஞ்ச புளிசோறு இருக்கு. உனக்கும் போடட்டுமா?"

"அப்பா, நேரம் இருக்கு. ஆட்டோ வாசல்லயே நிக்குது."

"அனுப்பிடு."

"ஏம்ப்பா? இப்பத்தான் துப்பாக்கி இல்லியே."

அவர் இரண்டு தட்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் பேசினார். "எங்க கடையிலயும் அதே படம் ஒட்டியிருக்கு, தெரியுமா? வர்றவங்க துப்பாக்கி கொண்டாந்தா, வேணாம் சார்னு நாந்தான் சொல்லணும். ஒரு நாளு ஒரு ஆளு வந்தான், இடுப்புல பிஸ்டல். நெலம் வாங்கி விக்கறவன். மொதலாளி விரும்ப மாட்டாரு சார்னேன். அப்படியே உருவி என் கையில வெச்சிட்டு உள்ள போயிட்டான். முக்கா மணி நேரம். அடுத்தவன் துப்பாக்கி என் கையில. போலீஸ் வந்திருந்தா என் லைசென்ஸ் போச்சு, உன் படிப்பு போச்சு. கீழ வெக்கவும் முடியாது, உள்ள போயிக் கூப்பிடவும் முடியாது. வெளிய வந்தவன் அம்பது ரூபா குடுத்தான்."

"வாங்கினீங்களா?"

"வாங்கினேன். வாங்காம?" புளிச்சோற்றைத் தட்டில் போட்டார். "இன்னொருத்தன் கத்தினான். ஒரு வாட்ச்மேன் எனக்கு ரூல் போடறியான்னான். தோள்ல துப்பாக்கிய மாட்டிட்டு நிக்கறேன், அவன் கண்ணுக்கு வாட்ச்மேன்தான்."

நான் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"அந்தப் பையன் சரியாத்தான் சொன்னான்டா. துப்பாக்கிய வெச்சிட்டு வந்து சாப்பிட்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ அப்படிச் சொன்னப்புறம், அவன் கதவத் தொறந்து வுட நான் உள்ள போயி உக்காரணுமா? எனக்கு எறங்காது."

பிறகு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் பார்க்க ஆசைப்பட்டதற்கு நேர்மாறாக, அவர் எனக்குப் பரிமாறினார்.

அதற்குப் பிறகு பல நாள் இதை யோசித்திருக்கிறேன். உரிமம் அரசாங்கம் அப்பாவுக்குக் கொடுத்தது, கதவு ஹோட்டல்காரருடையது. வீதியில் துப்பாக்கியோடு நடக்க அவருக்கு அனுமதி உண்டு என்பதால், அந்தப் பிறந்தநாள் குழந்தைகளுக்கு நடுவில் அதைக் கொண்டுபோய் நிறுத்தவும் உரிமை உண்டு என்று ஆகிவிடாது. என் பிள்ளை அங்கே தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தால் நானும் மேனேஜரைத்தான் கூப்பிட்டிருப்பேன். இவ்வளவும் அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவனாகப் பேச நான் வாசலுக்கு ஓடவில்லை, ஜெயிக்க ஓடினேன். அப்பாவை உள்ளே விடாதது துப்பாக்கி என்றால் அதை அரை மணி நேரத்தில் பீரோவில் வைத்துவிட முடிந்தது. நான் சொன்ன வார்த்தையை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மூன்றே முக்காலுக்கு மற்றவர்களைக் கூட்டி வர மறுபடி அல்சூர் போனேன். அம்மா முகம் வாடியிருந்தது. ஐஸ்கிரீமை மட்டும் அவள் இரண்டு முறை வாங்கியதாக அக்கா சொன்னாள். அவர்கள் படியிறங்கியதும் நான் காவலாளியிடம் போனேன். மன்னிச்சிடுங்க என்றேன், முதல்முறையாக அவனுக்கு 'ங்க' போட்டேன்.

"வுடுங்க சார். தினமும் யாராச்சும் சொல்றதுதான்" என்றான். பிறகு, "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று கேட்டான்.

சாப்பிட்டார் என்றேன்.

தலைக்கு எண்ணூற்றுத் தொண்ணூறு வீதம் ஐந்து பேருக்குக் கட்டியது நாலாயிரத்து நானூற்று ஐம்பது. வராதவர்களுக்குத் திருப்பித் தர மாட்டார்கள். அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போன ஆட்டோவுக்கு, வாசலில் காக்க வைத்ததையும் சேர்த்து, நூற்று எண்பது. மொத்தம் நாலாயிரத்து அறுநூற்று முப்பது ரூபாய்.