நாற்காலியம்மாவின் சாக்பீஸ்

குனிந்து, நாற்காலியின் நான்கு கால்களைச் சுற்றியும் சாக்பீஸால் வட்டம் போட்ட பிறகுதான் அதைத் தூக்குகிறார். வட்டம் அழியாமல் துடைப்பத்தின் நுனியால் மட்டும் அங்கே கூட்டுகிறார். பிறகு நாற்காலியைக் கொண்டுபோய் மற்றவற்றோடு அடுக்குகிறார். மொத்தம் அறுபது பச்சை பிளாஸ்டிக் நாற்காலிகள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்கு முடியும். அதற்குள் மூன்று முறை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா, கொல்றீங்களே" என்று நாற்காலிகளைத் திட்டுவார்.

வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் நடுவே இருக்கும் சதுக்கத்தைக் கூட்டுபவர் அவர். எல்லோரும் நாற்காலியம்மா என்கிறார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அந்தச் சதுக்கத்தை வடிவமைத்தவன் நான். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியாது.

கருங்கல் தளம், கருங்கல் பெஞ்சுகள், நடுவில் நீரூற்று. பத்திரிகைகளில் படம் வந்தது. ஆட்கள்தான் வரவில்லை. நீரூற்று வறண்டது, பகலில் பெஞ்சில் உட்கார்ந்தால் தோசைக்கல் என்றார்கள். இப்போது சதுக்கத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள் என்றதும், விட்டதைப் பிடிக்க ராப்பகலாக உட்கார்ந்து புது வரைபடம் போட்டேன். நகரசபைப் பொறியாளர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "முப்பது நாள் சும்மா நாற்காலி போட்டுப் பார்க்கலாம் சார். சரிவரலைன்னா உங்க பிளான்தான்" என்றார். நாற்காலிகள் எங்கெங்கே போய் நிற்கின்றன என்று தினமும் தரையில் குறிக்க நாற்காலியம்மாவிடம் சாக்பீஸ் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு சரிவரக் கூடாதே என்று தினமும் வந்து உட்கார்கிறேன். அறுபது வயதில் எனக்குக் கிடைத்த வேலை!

சனங்கள் வந்தார்கள். வங்கிப் பெண்கள் சாப்பாட்டு டப்பாவோடு வந்தார்கள். தபால்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். நான் மழையை வேண்டிக்கொண்டேன், வெயில் அடித்தது. அதற்கும் அவர்கள் அசரவில்லை. நிழல் நகர நகர நாற்காலியோடு தாங்களும் நகர்ந்தார்கள்.

நாற்காலியம்மாவுக்கு இதெல்லாம் அத்துப்படி. முந்தின நாள் கிடந்த கிடப்பைப் பார்த்தே கதை சொல்வார். "நேருக்கு நேரா கிடந்தா சண்டை சார். கொஞ்சம் கோணலா கிடந்தா சமாதானம். மூணு கிடந்தா, ஒண்ணுல பை உக்காந்திருக்கும்." தனியாக வருகிறவர்கள் ஏன் சுவரோரமே போகிறார்கள் என்று கேட்டேன். "முதுகுக்குப் பின்னாடி யாரும் வரக் கூடாதில்ல?" என்றார். ஐந்து வருடம் கல்லூரியில் படித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எல்லோரும் உட்காரும் முன் நாற்காலியை ஒரு சாண் நகர்த்துகிறார்களாம். "நீங்களும்தான் சார்" என்றார். கிடையாது என்று சாதித்தேன்.

"இந்தக் கல்லு பெஞ்ச கட்டுன புண்ணியவான் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இதுல உக்காந்து பாத்திருக்கணும்" என்று ஒருமுறை சிரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நீரூற்றைப் பார்த்தேன். வீட்டில் சொன்னபோது மனைவி, "கூட்டுற அம்மா மேல பொறாமையா? வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள். வெட்கமாகத்தான் இருந்தது. பொறாமை அதைவிடப் பெரிதாக இருந்தது. நான் தாளில் தேடித் தோற்ற வரைபடம், தினமும் அந்த அம்மாள் கையால் தரையில் தானாக விழுந்துகொண்டிருந்தது. ஒரே இடத்தில் வட்டத்தின் மேல் வட்டமாக விழுந்து, சில மூலைகள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டன.

இருபதாம் நாள் ஓர் அற்பத்தனம் செய்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், நாற்பது நாற்காலிகளை என் வரைபடத்தில் பெஞ்சுகள் இருந்தபடியே வரிசையாகப் போட்டேன். சட்டை நனைந்து மூச்சு வாங்கியது. மதியத்துக்குள் ஒரு வரிசைகூட மிஞ்சவில்லை. "எவனோ மீட்டிங் மாதிரி வரிசை கட்டிட்டுப் போயிருக்கான் சார். பாவம், வீட்ல பேச ஆளில்ல போல" என்றார். அந்தப் 'பாவம்' இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

முப்பதாம் நாள் பொறியாளர் அளவு நாடாவோடு வந்தார். என் வரைபடச் சுருள் என் மடியில்தான் இருந்தது. அவர் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்காதவர்போல நாற்காலியம்மாவின் பின்னாலேயே நடந்தார். வெளுத்த மூலைகளை ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொண்டார். எங்கே மரம், எங்கே நிழற்கூரை, எங்கே கல்லைப் பெயர்ப்பது என்று அந்த அம்மாள் கையைக் காட்டக் காட்ட எழுதினார்.

கடைசியாக என்னருகே வந்தார்கள். பொறியாளருக்குச் சங்கடம். "ஏம்மா, சார் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"தெரியாம என்ன? போஸ்ட் ஆபீஸ் சுவரோரத்து சார். முப்பது நாளா இதே இடம். ஒரு நாள் தவறினதில்ல. இத விட்டுடாதீங்க, எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி என் காலடியில் குனிந்து சாக்பீஸை எடுத்தார்.

"கொஞ்சம் காலத் தூக்குங்க சார்."

சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு கால்களையும் தூக்கினேன்.